எத்தனை பேரு? ஒருத்தர்தான்

நடுத்தர வயதில் ஒரு ஆள். சூட் போட்டிருக்கிறார், கையில் பெட்டி. வேலை விஷயமாக யாரையோ பார்த்துப் பேசிவிட்டுத் தெருவுக்கு வருகிறார். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நிற்கிறார். பசிக்குது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார். கேமரா மூன்று தாவலில் அவரை விட்டுப் பின்னால் போகிறது. டொக், டொக், டொக். தெருவில் தனியாக ஒரு சின்ன உருவம். அப்புறம் கடை தேடுகிறார், கிடைத்த கடையில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடுகிறார், காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். முடிந்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதல் சீசனிலும் இதுதான் கதை, 2022இல் வந்த பத்தாவது சீசனிலும் இதேதான்.

ஜப்பானில் டிவி டோக்கியோ சேனலில் நள்ளிரவு வாக்கில் ஓடிய ‘கொடோகு நோ குருமே’ என்ற தொடர் இது. கொடோகு என்றால் தனிமை. குருமே என்பது நம்ம குருமா இல்லை. ருசி தெரிந்து சாப்பிடுகிறவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஜப்பானிய வாயில் அப்படி ஆகிவிட்டது. நாயகன் பெயர் இனொகாஷிரா கோரோ. வெளிநாட்டிலிருந்து சாமான்கள் தருவித்து விற்கிற தனி வியாபாரி. கல்யாணம் ஆகவில்லை. சொந்தமாகக் கடை வைத்தால் அதுவே ஒரு பாரமாகிவிடும் என்று நினைக்கிறவர். குடிக்க மாட்டார். எல்லோரும் குடிக்கிற இடத்தில் உட்கார்ந்து ஊலாங் டீ கேட்கிற ஆள். நடித்திருப்பவர் மட்சுஷிகே யுடகா. ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி உடம்பு. அத்தனையும் எங்கே போகிறது என்று பார்க்கிற எல்லோரும் கேட்பார்கள்.

நான் இதைப் பார்க்க ஆரம்பித்தது ரசனையால் எல்லாம் இல்லை. அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங் முடிந்து பத்தரை மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, மூடி வைத்த சாப்பாட்டைத் திறக்கிற வாழ்க்கை என்னுடையது. துணைக்கு ஏதாவது ஓடட்டும் என்று போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் போட்டேன். ஒன்றுமே நடக்காத ஒரு தொடரை இத்தனை சீசன் ஏன் பார்த்தேன் என்று யோசித்ததில் வந்த குறிப்புகள் இவை. புகழ்ந்துதான் ஆரம்பிக்கிறேன். ஆனால் அந்தத் தொடர் சொல்கிற ஒரு விஷயத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அதற்கும் வருவேன்.

சாப்பாட்டைப் பற்றிய பேச்சு என்றால் இப்போது நம் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே பாஷை. தட்டைத் தூக்கி கேமராவுக்குக் காட்டு, ஒரு வாய் வை, கண்ணை மூடு, தலையை ஆட்டு, ‘வேற லெவல்’ என்று சொல். பிரியாணியும் வேற லெவல், இளநீர் பாயசமும் வேற லெவல். அப்படியானால் இரண்டும் ஒரே லெவல்தானே என்று கேட்க ஆளில்லை. அதில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே நன்றாக இருந்திருக்கும். ஆனால் பார்த்து முடித்த பிறகு அந்தச் சாப்பாட்டைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது. சாப்பிட்டவருக்குப் பிடித்தது என்பது மட்டும் தெரியும்.

கோரோவும் நன்றாக இருக்கிறது என்று மனசுக்குள் அலறுகிற ஆள்தான். வெளியே முகம் கொஞ்சம் மலரும், அவ்வளவுதான். ஆனால் அவர் மனசு அதிக நேரம் ஓடுவது தீர்ப்பில் இல்லை, அடுத்த வாயில். இந்த ஊறுகாயை இப்போது கடிக்கலாமா, அந்தக் கறியை முடித்துவிட்டா? சாதம் சீக்கிரம் தீர்ந்துவிடும் போலிருக்கிறதே, இன்னொரு கிண்ணம் கேட்கலாமா? பக்கத்து மேஜைக்காரர் சாப்பிடுவது என்ன, மெனுவில் அது எங்கே இருக்கிறது, இன்னும் வயிற்றில் இடம் இருக்கிறதா? அரை மணி நேர எபிசோடில் பாதிக்கு மேல் இந்தத் திட்டமிடல்தான். சாப்பாடு என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு வரிசை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது நமக்கு ரொம்பப் பழக்கமான சமாசாரம். இலையில் உட்காருகிற ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு கோரோ ஓடிக்கொண்டிருக்கிறார். உருளைக்கிழங்கு கறியை சாம்பாரிலேயே தீர்த்துவிட்டால் ரசத்துக்குத் தொட்டுக்க என்ன? அப்பளத்தை இப்போதே நொறுக்குவதா, பாதியைப் பாயசத்துக்குப் பத்திரப்படுத்துவதா? கூட்டு போடுகிறவர் இரண்டாவது தடவை வருவாரா மாட்டாரா? தயிர்சாதம் மாவடு விஷயம் இன்னும் சிக்கல். வடுவின் கடைசிக் கடியும் சாதத்தின் கடைசி வாயும் சேர்ந்து முடிய வேண்டும். சாதம் முந்தினால் வடு மிச்சம். வடு முந்தினால் தயிர்சாதம் மிச்சம், உடனே இன்னொரு வடு. அதற்காக இன்னும் கொஞ்சம் சாதம். இருபது வருஷமாக ஷெட்யூலிங் கோடு எழுதுகிறவன் நான். இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் சரியாக முடிந்ததில்லை.

இதில் ஒன்று கவனியுங்கள். எதிரில் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு ஓடாது. பேச்சு ஒரு பக்கம் போகும், கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், இலை காலியாகியிருக்கும். நண்பர்களோடு சாப்பிட்ட எத்தனையோ சாப்பாட்டில் பேசியது ஞாபகம் இருக்கிறது, சாப்பிட்டது ஞாபகமில்லை. தொடரின் பெயரில் தனிமை என்ற சொல் இருப்பது சோகத்துக்காக இல்லை. ருசியைக் கவனிக்க அது ஒரு வசதி. சும்மா சாப்பிடுகிற ஒரு மனுஷனை அரை மணி நேரம் பார்க்க வைக்க முடியும் என்பதற்கும் காரணம் இந்தக் கவனம்தான்.

*

தொடருக்கு மூலம் ஒரு மங்கா. எழுதியவர் குசுமி மசாயுகி, வரைந்தவர் தானிகுச்சி ஜிரோ. 1994 முதல் 1996 வரை ஒரு மாத இதழில் வந்து, 1997இல் புத்தகமானது. தானிகுச்சி 2017இல் காலமாகிவிட்டார். ஒரு ஆள் ஊருக்குள் சும்மா நடந்துபோவதையே ஒரு முழுப் புத்தகமாக வரைந்தவர் அவர். குசுமி எழுத்தாளர் மட்டுமில்லை, இசைக்காரரும்கூட. டிவி தொடரின் பின்னணி இசை அவருடைய குழுவினுடையதுதான்.

டிவியில் பழகிய பிறகு மங்காவைப் படித்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. மங்காவில் கோரோ அடிக்கடி சொதப்புகிறார்.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இடம் டோக்கியோவில் சான்யா. தினக்கூலித் தொழிலாளிகள் தங்குகிற பகுதி. மழையில் நனைந்து, வழி தெரியாமல், கண்ணில் பட்ட ஒரு சாதாரணச் சாப்பாட்டுக்கடைக்குள் நுழைகிறார். பன்றிக்கறி வதக்கல், சாதம், ஊறுகாய், அதோடு ஒரு சூப் சொல்கிறார். எல்லாம் வந்தபிறகுதான் உறைக்கிறது. சூப்பும் பன்றிக்கறி போட்ட சூப். பன்றி இரண்டு தடவை ஆகிவிட்டது! சாம்பார் சாதம் சொல்லிவிட்டுத் தொட்டுக்க சாம்பார் வடை சொன்ன மாதிரி. வேறு பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. ஒரு நீண்ட தொடரின் முதல் அத்தியாயத்தை இப்படி ஒரு அற்பத் தப்பில் நிறுத்தத் தைரியம் வேண்டும்.

இன்னொன்றில் புல்லட் ரயிலில் போகிறார். தானாகவே சூடாகிற டப்பாவில் அடைத்த ஷூமாய் வாங்கியிருக்கிறார். கறியை மாவில் பொதிந்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரியான பண்டம் அது. கயிற்றை இழுத்தால் டப்பா கொதிக்கிறது, ஆவி கிளம்புகிறது, வாசனை கம்பார்ட்மென்ட் முழுக்கப் பரவுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, மனுஷன் கூனிக்குறுகிச் சாப்பிடுகிறார். பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏ.சி. பெட்டியில் முட்டைப் பொரியல் டப்பாவைத் திறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மங்காவில் எனக்குப் பிடித்த அத்தியாயம் ஹாம்பர்க் (பன் இல்லாமல் சாதத்தோடு வரும் கொத்துக்கறி வடை) பற்றியது. கடை முதலாளி வேலைக்கு இருக்கிற வெளிநாட்டுப் பையனை எல்லார் முன்னாலும் திட்டிக்கொண்டே இருக்கிறார். கோரோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடும்போது மனுஷன் எதற்கும் அகப்படாமல் சுதந்திரமாக இருக்கவேண்டும் என்கிற அவருடைய கொள்கை அங்கேதான் வாய்விட்டு வெளிப்படுகிறது. பேச்சு முற்றிக் கடைசியில் முதலாளியின் கையை முறுக்கிவிடுகிறார். அடிதடிக் காட்சி இந்தக் கதைக்குப் பொருந்தவில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டில் வந்து உட்கார்ந்த சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தபிறகு ருசி என்று ஒன்று தனியாக மிஞ்சுமா? அதை அந்த அத்தியாயம் கேட்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் கையை முறுக்குகிறது.

டிவியில் இந்தச் சொதப்பல்கள் அருகிவிட்டன. காரணம் எளிது. டிவியில் வருகிறவை நிஜக் கடைகள். எபிசோட் முடிவில் குசுமியே அந்தக் கடைக்குப் போய், அதே பண்டத்தைச் சாப்பிட்டு, முதலாளியோடு பேசுவார். பீரை பீர் என்று சொல்லாமல் ஏதோ பெயர் வைத்துக் குடித்துக் குஷியாவார். ஒளிபரப்பான பிறகு கடை வாசலில் வரிசை நிற்கும். ஊர் பேர் தெரிந்த ஒரு நிஜக் கடையில் போய் உட்கார்ந்து, அவர்கள் அடுப்படியிலேயே படம் எடுத்துவிட்டு, சுமாராக இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே டிவி கோரோ தோற்பதே இல்லை. நுழைகிற கடை எல்லாம் நல்ல கடை, சொல்கிறதெல்லாம் நல்லதாகவே வருகிறது. ஏழெட்டு சீசனுக்கு மேல் போகும்போது இது உறுத்துகிறது. நம் ஊர் யூடியூப்காரர்களைக் கிண்டல் செய்துவிட்டு இதை விட்டுவிட்டால் நியாயமில்லை. இரண்டு பேர் காலிலும் இருப்பது ஒரே கயிறுதான். கோரோ அதற்குள் நடக்கிற அழகில் நமக்குக் கயிறு தெரிவதில்லை.

*

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு எபிசோடின் ஆரம்பத்திலும் ஒரு குரல் பேசும். நேரத்துக்கும் சமூகத்துக்கும் கட்டுப்படாமல் பசியைத் தீர்த்துக்கொள்கிற அந்தக் கொஞ்ச நேரம் ஒரு மனுஷன் தன்னிஷ்டப்படி விடுதலையாக இருக்கிறான், யாருக்காகவும் இல்லாமல் தனியே உண்ணும் இந்தச் செயல் இக்கால மனிதர்களுக்குச் சமமாகக் கிடைத்திருக்கிற ஆறுதல் என்கிற மாதிரி. நூறு தடவை கேட்டிருப்பேன். நூற்றி ஒன்றாவது தடவைதான் ‘சமமாக’ என்ற சொல் காதில் இடித்தது.

நம் மரபு இதற்கு நேர் எதிராக நிற்கிறது என்பது முதல் சிக்கல். புறநானூற்றின் 182ஆம் பாட்டு, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியது. இந்த உலகம் இன்னும் இருக்கிறதே, அது யாரால் என்பதற்கு அது தருகிற பட்டியலில் முதலில் வருகிறவர்கள், இந்திரனுடைய அமிழ்தமே கிடைத்தாலும் இனிக்கிறதே என்று அதைத் தனியாக உண்ணாதவர்கள். வள்ளுவர் இன்னும் கறார். விருந்தோம்பலில், விருந்தாளி வெளியே இருக்க நீ மட்டும் உண்பது சாவா மருந்தே ஆனாலும் வேண்டாம் என்கிறார். ஈகை அதிகாரத்தில், சேர்த்து வைத்ததைத் தானே தனியாக உண்பது பிச்சை எடுப்பதைவிடக் கேவலம் என்கிறார். நிதானமாகப் படித்தால் இவை திட்டுவது தனிமையை இல்லை, பகிராமையை. ஆனால் இரண்டாயிரம் வருஷமாகக் காதில் விழுந்து விழுந்து நமக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. தனியாகச் சாப்பிடுகிறவன் ஒன்று கஞ்சன், இல்லை பாவம்.

ஹோட்டலிலும் இதைப் பார்க்கலாம். “எத்தனை பேரு சார்?” “ஒருத்தர்தான்.” உடனே கை ஓரமாகக் காட்டும். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிற மேஜையில் நான்காவது நாற்காலி. எனக்கு அதில் புகார் இல்லை, மத்தியானக் கூட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு மேஜை கொடுத்தால் கடை நடத்த முடியாது. மெஸ்ஸில் இன்னும் விசேஷம். ரசத்துக்கு வரும்போதே அடுத்தவர் நம் நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றுகொண்டிருப்பார். கையில் டோக்கன் இருக்கும். மோரை எப்போது முடிப்போம் என்று அவர் பார்க்கிற பார்வையில் கோரோவின் மனக்குரல் எல்லாம் ஓடாது. ஜப்பானில் பல சின்னக் கடைகளில் சமைக்கிற இடத்தைப் பார்த்த மாதிரி நீளமான கவுண்டர் இருக்கிறது, ஒற்றை ஆள் உட்கார அமைந்தது. அந்த மரப்பலகை இல்லாவிட்டால் இந்தத் தொடரே இல்லை என்பது என் எண்ணம். தத்துவத்துக்கு முன்னால் ஃபர்னிச்சர் வருகிறது.

நாற்காலி கிடைக்கிற ஆணின் கதை இது. பெண் தனியாகப் போனால்? பல ஊர்களில் இன்றைக்கும் ‘ஃபேமிலி ரூம்’ என்று ஒரு கதவு. தனி ஒரு பெண் எந்தக் கதவுக்குள் போவது? குடும்பம் இல்லாமல் குடும்ப அறைக்கா, ஆண்கள் நிறைந்த வெளி ஹாலுக்கா?

ஜப்பானிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. ஷின்க்யூ சியே வரைந்த ‘வகாகோ-சாகே’ என்ற மங்கா 2011இல் தொடங்கியது. முரசாகி வகாகோ என்ற 26 வயது ஆபீஸ் பெண் வேலை முடிந்து தனியாகக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டுக் குடித்து, பெருமூச்சு விட்டு மகிழ்கிறாள். 2015இல் அது டிவிக்கும் வந்தது. கோரோவின் தயாரிப்பாளர்களே 2024 கடைசியில், நாயகனைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, வேறு வேறு தொழில் செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் தனியாகச் சாப்பிடுகிற கதைகளை ஒரு தொடராகச் செய்தார்கள். ‘சமமாக’ என்ற சொல் அவர்களையும் இடித்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு இடித்த இடம் வேறு. தனியே உண்ணும் பழக்கம் நம் வீடுகளில் புதிதே இல்லை. அது சமையலறையில் நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில், பாத்திரங்களுக்கு நடுவில், ஆறிப்போனதை, எது மிச்சமோ அதை, அம்மா தனியாகச் சாப்பிட்டாள். விருந்தோம்பல் என்று நாம் புகழ்கிற எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த ஒரு தனிச் சாப்பாடு இருக்கிறது. இதை எந்தப் பாட்டும் கணக்கில் எடுத்துக்கொண்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. கோரோ சொல்கிற எல்லாமே அதில் இருந்தது. யாரும் எதிரில் இல்லை, பேச்சு இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. ஒன்றே ஒன்று இல்லை. என்ன வேண்டும் என்று அவளாகத் தேர்ந்தெடுப்பது. உருளைக்கிழங்கு கறியை ரசத்துக்கு மிச்சம் வைக்கிற என் சூழ்ச்சிகளுக்கு நடுவில், கறி முழுக்கத் தீர்ந்திருந்த சட்டியில் சாதத்தைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது அம்மா பழக்கம். அதுதான் ருசி என்று சொல்வாள். நாங்களும் நம்பினோம். (என் வீட்டில் இப்போது அப்படி இல்லை என்று எழுத ஆசைதான். பத்தரை மணிக்கு எனக்கு மூடி வைக்கப்பட்டிருக்கிற சாப்பாட்டை யார் எடுத்து வைத்தது என்று யோசித்தால் அந்த வாக்கியம் பாதிதான் நிற்கிறது.)

*

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மா திருச்சியில் தனியாக இருக்கிறாள், எங்களோடு வர மாட்டேன் என்று. தினம் ராத்திரி போன் செய்வேன். “என்ன சாப்பிட்ட?” “என்னத்த, ஏதோ சாப்பிட்டேன்.” இந்த ‘ஏதோ’ என்ன என்று போனபோதுதான் பார்த்தேன். ஃபிரிட்ஜில் மூன்று நாள் ரசம், ஒரு கிண்ணம் மோர். நாற்பத்தைந்து வருஷம் வீட்டுக்கே சமைத்தவள். ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைப்பானேன் என்கிறாள். நாலு பேருக்கு அளவு தெரியும், ஒரு ஆளுக்கு எவ்வளவு பருப்பு என்று கைக்குத் தெரியவில்லையாம்.

போன தடவை போயிருந்தபோது ஒரு ராத்திரி அவளோடு உட்கார்ந்து ஒரு எபிசோட் பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் படிக்கப் பொறுமையில்லை, நான் பாதியைத் தமிழில் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். புரியுதுடா, சாப்பிடறான், இதுல என்ன புரியணும்.

அவள் சொன்ன விமர்சனங்களை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். நான் மேலே எழுதிய பலவற்றைவிடக் கூர்மையானவை.

முதலில், “இவனுக்கு யாருமே இல்லையா?” இல்லை என்றேன். “பாவம்” என்றாள், வள்ளுவர் பக்கம் நின்று. பத்து நிமிஷம் கழித்து, கோரோ சாப்பிட ஆரம்பித்ததும், “பாவமெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கான்.”

அப்புறம், கோரோ கை கூப்பி ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிறாரே, அதைப் பார்த்து, “சாமி கும்பிடறானா?” இதடகிமாசு என்று சொல்வார்கள், பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தம் என்றேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது. முடித்துவிட்டு எழும்போதும் ஒன்று சொல்வார்கள், சாப்பாடு போட்டதற்கு நன்றி என்கிற மாதிரி என்றேன். “சமைச்சவகிட்டயா சொல்லுவாங்க?” ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில், மேஜை முழுக்கக் காலிக் கிண்ணங்களோடு கோரோ எழுந்து போனதும், “இத்தன கிண்ணத்த யாரு கழுவறது? அதக் காமிக்கலயே.”

காட்டவில்லைதான். பத்து சீசன் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை.

இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல் போன் செய்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போனாளாம். திரும்பும்போது மணி ஒன்றரை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டல். அறுபத்தெட்டு வயதில் தனியாக ஹோட்டலுக்குள் போவது அதுதான் முதல் தடவை. உள்ளே நுழைந்ததுமே கல்லாவில் இருந்தவர் கேட்டாராம், “பார்சலாம்மா?”

“நீ என்ன சொன்ன?”

“இல்லப்பா, உக்காந்து சாப்பிடறேன்னேன். ஃபேன் கீழ இடம் காமிச்சான்.”

என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரவா தோசை. ஓரமெல்லாம் மொறுமொறுன்னு வந்திருக்கு, நடுவுல வேகல, மாவு ஒட்டுது. மிளகை உடைக்காம முழுசா அள்ளிப் போட்டிருக்கான், கடிச்சா கண்ணுல தண்ணி வருது. முந்திரி ஒண்ணே ஒண்ணு. சாம்பார்ல வெல்லம். தேங்காச் சட்னி மட்டும் தேவலாம், ரெண்டாவது தடவ கேட்டேன், கொண்டு வந்து ஊத்தினான். ரவா தோசைக்குக் கைவசம் ஒரு மணி நேரம் மாவு ஊறணும், இவன் கரைச்ச உடனே ஊத்தறான், வேற எப்படி வரும். மேல ஒரு காப்பி, அதுவும் சுமார்.

“அப்ப காசு தண்டமா?” என்றேன்.

“ஏன்டா தண்டம்? வேணுங்கிறத கேட்டுத்தான சாப்பிட்டேன். அடுத்த தடவ அங்க பொங்கல் எப்படி இருக்குன்னு பாக்கணும்.”